நாலாவது கட்டில்

காலை எட்டு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த டாக்டர் அத்தியாவுக்கு எரிச்சலாக இருந்தது. ராத்திரி டியூட்டி முடிந்த டாக்டர் காசிநாதன், ஒவ்வொரு கட்டிலாக நின்று நோயாளியை ஒப்படைப்பார். அவள் எழுதி முடித்தால்தான் நகர்வார். இன்றைக்கு நடையும் ஆமை மாதிரி.

"ஒண்ணு, கல்வராயன் மலை ஆயம்மாள். பாம்புக்கடி. மருந்து ஏறிக்கினு இருக்குது. மூச்சைப் பாத்துக்கினே இரும்மா."

"சரிங்க சார்."

"ரெண்டு, சின்னசேலம் அம்மாசி. பைக்லேருந்து வுழுந்துட்டாரு. தலை ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. மூணு, ஜுரத்தோட வந்த கொழந்தை. இப்ப கம்மி."

நாலாவது கட்டில் காலியாக இருந்தது. காசிநாதன் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு, வயசு ஐம்பத்தாறு. ஏழரையிலேருந்து நெஞ்சுவலி. ஈசிஜியில ஹார்ட் அட்டாக். ஆஸ்பிரின் குடுத்தாச்சு. சேலத்துக்கு அனுப்பணும், ஆம்புலன்ஸ் வந்துக்கினு இருக்குது."

அத்தியா பதறினாள். "ஆளைக் காணோமே சார்! இந்த நெலமையில நடக்க வுட்டீங்களா?"

"சொன்னா கேக்கல. மூணு பேரையும் உன்கிட்ட ஒப்படைச்சப்புறம்தான் படுப்பேன்னுட்டாரு."

சொல்லிவிட்டு, காசிநாதன் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். பிறகு நாலாவது கட்டிலில் ஏறிப் படுத்தார்.