அரம் தேயும் சத்தம்

வேலிச்செடி வெட்டும் மெஷின் பாதியில் நின்றது. கரண்ட் போய்விட்டது. கிடைத்த நேரத்தில் பற்களைத் தீட்டிவிடலாமென்று ஞானதுரை அதை மடியில் போட்டு அரத்தால் தேய்க்க உட்கார்ந்தார். விரல் வலிக்கிறதென்று அவர் சுவிட்சை அமுக்கி சைக்கிள் டியூபால் கட்டி வைத்திருந்ததை மனைவி எஸ்தர் அப்போதுதான் பார்த்தாள்.

“ஏங்க, பிளக்கப் புடுங்கிட்டீங்களா?”

“கரண்டே இல்லியே. பிளக்கு இருந்தா என்ன செய்யும்?”

இடக்கை விரல்கள் பற்களுக்கிடையே இருந்தன.

அவள் உள்ளே ஓடி பீரோவுக்குப் பின்னால் கையை நுழைத்துத் துழாவினாள். அரம் தேயும் சத்தம் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. அது கேட்கிற வரைக்கும் பயமில்லை. இழுத்ததில் பிளக் கையோடு வந்தது. நிமிர்ந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியிருந்தது.

கரண்ட் வந்ததா, பிளக் வந்ததா, எது முந்தியதென்று தெரியவில்லை. வெளியே அரம் தேயும் சத்தம் நின்றிருந்தது.