பெரியவருக்கு நெருக்கமான கோள்

கிழ நட்சத்திரம் ஒன்று வயதாக வயதாக ஊதிக்கொண்டே போனது. மலைமேல் இருந்த தொலைநோக்கி அதைப் பார்த்து, "என்ன பெரியவரே, தள்ளாடுறீங்க?" என்று கேட்டது.

"தள்ளாட்டம் இல்லப்பா. ஒருத்தன் என்னை இழுத்து இழுத்துச் சுத்துறான்."

அப்போதுதான் பக்கத்திலிருந்த குண்டுக் கோள் தொலைநோக்கியின் கண்ணில் பட்டது. கோளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஐயாவைச் சுத்தி வந்துடுவேன். மத்த கோளெல்லாம் எங்கேயோ தூரத்துல நிக்குது. என்மேல அவருக்குத் தனிப் பிரியம். முன்னெல்லாம் எட்ட இருந்தார், இப்போ அவரே என்னை நெருங்கி வர்றார், பார்த்தீங்களா?"

தொலைநோக்கி நட்சத்திரத்தின் இடுப்பை இன்னொரு தடவை அளந்தது. "தம்பி, நீ கொஞ்சம் தள்ளியே இரேன்."

"கண்ணு வைக்காதீங்க!" என்ற கோள், இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு சுற்றியது.