பேச்சுத்துணை

ஞானசவுந்தரியின் வீட்டு வாடகையை அரசாங்கம் கட்டியது. அவள் நலமாக இருப்பதாகச் சுவரில் பதித்திருந்த கருவி சொல்லவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மாத்திரையை அவள் தவறாமல் விழுங்கினாள். சமைத்தாள், சலவைக்கடை வேலைக்குப் போய்வந்தாள். ஆனாலும் அவளுக்கு மட்டும் கேட்கிற அந்த ஆண்குரல் முழுக்க ஓயவில்லை. அது ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

ஒரு சாயங்காலம் கருவி பணிவாகச் சொன்னது: "நீங்கள் தனியாகப் பேசுவது கூடியிருக்கிறது. தொடர்ந்தால் வாடகை உதவி நின்றுவிடும். மனநலக் காப்பகத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்."

அன்றிலிருந்து சவுந்தரி வீட்டுக்குள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோசைமாவு கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ரஹமத்துன்னிசா அதைப் பார்த்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "கூட யாராவது இருந்தா?" என்றாள்.

"அப்ப அவங்ககிட்ட பேசுறேன்னு நெனச்சுக்கிட்டு கருவி ஒண்ணும் சொல்லாதுக்கா."

மறுநாள் முருங்கைக்கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு ரஹமத்துன்னிசா வந்தாள். "நீ பாட்டுக்குப் பேசு. நான் கீரை ஆயறேன்."

சவுந்தரி பேசினாள். கருவி வாயே திறக்கவில்லை. தினமும் இப்படியே நடந்தது.

ஒருநாள் பேச்சு பாதியில் நின்றது.

"என்ன சவுந்தரி?"

"நீங்க யாருன்னு கேக்குறான்க்கா."

ரஹமத்துன்னிசா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பக்கத்து வீட்டு அக்கான்னு சொல்லு. நாளைக்கும் வருவேன்னு சொல்லு."

சவுந்தரி சத்தமாகவே சொன்னாள்.