குழாயடிப் படம்

அன்றைக்குக் குழாயடியில் ஓர் ஆள்கூட நிற்கவில்லை. தண்ணீர் வர நேரமாகும் என்று வரிசையில் குடங்களை மட்டும் வைத்து இடம் பிடித்துவிட்டு எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அந்தக் குடங்களைத்தான் சகாயமேரி படமெடுத்து, நகரத்தின் படக் காப்பகத்துக்குக் கொடுத்திருந்தாள். பிறகு அந்தக் குழாயடி இருந்த வலைக்காரத் தெருவையே இடித்துத் தள்ளினார்கள். காப்பகப் படத்தில் யார் முகம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் மாற்று வீடு என்று சட்டமும் வந்தது.

மாற்று வீடு கேட்டுப் போன சகாயமேரி, அதிகாரியின் திரையில் தான் எடுத்த படத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் நின்றிருந்தார். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய அவளுடைய பச்சைக் குடத்துக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடி போட்ட ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு சார் இவங்கல்லாம்? எங்க தெருவுல இந்த மூஞ்சிங்கள நான் பாத்ததே இல்லியே!”

“பழைய படம்மா. விட்டுப்போனத மெஷினே யூகிச்சு சேத்திருக்கும். நீ எங்க இருக்க, காட்டு.”

“படம் எடுத்ததே நான்தான் சார். அப்புறம் எப்படி அதுல இருப்பேன்? அந்தப் பச்சைக் குடம் என்னுது.”

“உன் குடம்னா அந்தம்மா ஏன் அங்க நிக்கிறாங்க?”

அதிகாரி மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பின்னாலிருந்து எழுந்து வந்தவள் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். இடுப்பில் புத்தம்புதுப் பச்சைக் குடம். அதில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் இன்னும் கசங்கக்கூட இல்லை.