இடது கை மருந்து

“வலது கையைக் காட்டுங்க, சிட்டம்மா.”

சிட்டம்மாள் முழங்கை வரை நீட்டினாள். ஒரு மாதத்துக்கு முன் செதில் செதிலாக உதிர்ந்த கை, இன்று பளிச்சென்று இருந்தது. டாக்டர் ஜான்சனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

உத்திரமேரூரில் கிளினிக் போட்ட இரண்டு வருடத்தில் அவர் செய்த முதல் ஆராய்ச்சி இது. ஒரே ஆள், ஒரே சொரியாசிஸ், இரண்டு ஸ்டீராய்டு களிம்பு. வலது கைக்குப் புதிதாக வந்த சிவப்பு மூடி டியூப். யானை விலை. இடது கைக்குப் பழைய வெள்ளை மூடி. விலை மலிவு. இதில் ஜெயிப்பதைத்தான் மானாம்பதி இலவச முகாமுக்கு வாங்கப் போகிறார். மலிவானது ஜெயித்தால் வருகிற அத்தனை பேருக்கும் கொடுக்கலாம். சென்னையில் கூடப் படித்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டுப் பீற்றிக்கொள்ளலாம்.

“விடாம போட்டீங்களா?”

“ஒரு நாள் தப்பல சார். நடவு முடிஞ்சி வந்து கை கழுவிக்கினு, அதான் மொத வேல.”

“டியூப் ரெண்டும்?”

“காலி. நீங்களே பாருங்க.”

பிதுக்கிப் பிதுக்கிச் சுருட்டிய இரண்டு டியூப்களை மேஜையில் வைத்தாள். இப்படி ஒரு நோயாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் ஜான்சன்.

“இப்ப இடது கை.”

சிட்டம்மாள் தயங்கித் தயங்கி முந்தானையை விலக்கினாள். அதே செதில், அதே சிவப்பு. துளி மாற்றம் இல்லை.

ஜான்சனுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் ஆராய்ச்சி ஆராய்ச்சிதானே! பேனாவைத் திறந்தார்.

“வெள்ளை மூடி சுத்த வேஸ்ட். முகாமுக்குச் சிவப்பு மூடிதான். என்ன, பாதிப் பேரைத் திருப்பி அனுப்பணும்.”

“ஐயய்யோ, அப்படி எழுதிடாதீங்க சார்!” சிட்டம்மாள் பதறி எழுந்தாள். “அடியே ஆதிலட்சுமி, உள்ள வாடி!”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளம்பெண் வந்து, வெட்கத்தோடு இரண்டு கைகளையும் நீட்டினாள். பொட்டுத் தழும்பு இல்லை.

“எங்கூட நடவு நடுறவ சார். இவளுக்கும் இதே நோவுதான்னு போன முகாமுல நீங்கதான் சொன்னீங்க. பொண்ணு பாக்க வர்றாங்களேன்னு அழுதுக்கினு இருந்தா. எனக்கு ஒரு கை தேறினா போதும்னு, அந்த வெள்ளை மூடிய மொத நாளே இவளாண்ட குடுத்துட்டேன்!” என்றாள் சிட்டம்மாள், தலை நிமிர்ந்து.