கண்ணாடி அலமாரி

"பூட்டைத் திறங்கன்னு சொல்றேன்ல!"

முதியோர் இல்லத்தின் கூடமே அதிரக் கத்தினார், ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார். விளம்பரத்தில் தொலைநோக்கியைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் இங்கே குடிவந்தார். அதுவோ கண்ணாடி அலமாரிக்குள் கிடந்தது.

"உடைஞ்சிடும் சார். பார்க்க மட்டும்தான்" என்றாள் மேனேஜர்.

"முப்பது வருஷம் சயின்ஸ் எடுத்தவன்மா நான்! தொடக் கூடாதுன்னா எதுக்கு வாங்கினீங்க, அழகு பார்க்கவா? இந்தப் புத்தியை உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

அதுவரை பொறுத்திருந்தவள் சாவிக்கொத்தை மேசைமேல் விட்டெறிந்தாள்.

"நீங்கதான் சார்! உங்ககிட்ட படிச்ச மூணு வருஷமும் மைக்ராஸ்கோப்பை அலமாரிக் கண்ணாடி வழியாத்தான் பார்த்தேன். நான் அதைத் தொடாமலே பிராக்டிகல்ல முழு மார்க் போட்டீங்களே, மறந்துட்டீங்களா?"