பொருள்: லிஃப்ட் தொடர்பாக

மேலாளர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், தன்னந்தனியாக.

போனில் பேச முடியவில்லை. அலுவலக வைஃபை மட்டும் எட்டியது. வரவேற்பு மேஜைக்கு மெயில் வந்தது.

"லிஃப்ட் நின்னுடுச்சு. ஆளை அனுப்பு."

வரவேற்பறைப் பெண் பதறிப்போய் நாலு இடத்துக்குத் தகவல் தட்டினாள். மெக்கானிக் வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் மேலாளருக்குப் பதில் போட்டாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் மெயிலில் பொருள் இல்லை. வணக்கம் இல்லை. நன்றி இல்லை. திருத்தி அனுப்பவும். நன்றி."

பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேலாளர் தினமும் எல்லோருக்கும் அனுப்புகிற பதில் அது. 'ஐயா'வைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை.

"அப்படிப் போடு!" என்றார் கணக்கர். "என் கல்யாண லீவு மெயிலையே நாலு தடவை திருப்பின மனுஷன்!" மேலாளர் மாதிரியே மூக்கால் பேசிக் காட்டினார். "'யாருக்குக் கல்யாணம்ங்கறது தெளிவா இல்லையே, தம்பி.'"

அடுத்த மெயில் வந்தது.

"பொருள்: லிஃப்ட். வணக்கம். உள்ளே மூச்சு முட்டுது. சீக்கிரம் திறங்க. நன்றி."

"ஐயா, எந்த லிஃப்ட் என்று குறிப்பிடவில்லை."

"கட்டடத்துல இருக்கறதே ஒண்ணுதானேடி!" தட்டச்சு அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது மெயில் சூடாக வந்தது.

"அன்புள்ள வரவேற்பாளருக்கு, வணக்கம். இக்கட்டடத்தின் ஒரே லிஃப்டிலிருந்து எழுதுகிறேன். நான் வெளியே வந்ததும் ஒருவருக்கு வேலை போகும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நன்றி."

"ஐயா, யாருக்கு என்பது தெளிவாக இல்லை."

காவலாளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "போதும்மா. விழுந்த மாட்டுக்குக் குறி சுடறது நல்லாவா இருக்கு? உசிரு விஷயம்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்தாவது மெயிலில் மூன்று பத்தி, இரண்டு இணைப்பு. லிஃப்டின் உட்புறப் படங்களாம்.

"ஐயா, இரண்டாவது படம் மங்கலாக உள்ளது."

ஒருவழியாக மெக்கானிக் வந்து கதவைப் பிளந்தார். மேலாளர் வெளியே குதித்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் மட்டும் அனல் கக்கியது. நேரே வரவேற்பு மேஜைக்கு வந்தார்.

"எழுந்திரும்மா! உன் வேலைநீக்கக் கடிதத்தை உன் கம்ப்யூட்டர்லயே அடிக்கிறேன். பொருளோட, வணக்கத்தோட!"

அவள் எழுந்து இடம் விட்டாள். கணக்கர் சத்தமில்லாமல் நழுவினார்.

மேலாளர் உட்கார்ந்தார். திரையில் ஒரு மெயில் திறந்தே இருந்தது. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அவருடைய மனைவி அவளுக்கு அனுப்பியது.

"மூடின இடம்னா அவர் பயத்துலயே மயங்கி விழுந்துடுவார், கோபம் வந்தா மட்டும்தான் பயம் மறக்கும். கதவு திறக்கற வரைக்கும் விடாதேம்மா, சண்டை இழு."